வாய் திறப்பு அனுமதிச் சீட்டு

ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம். மீதமுள்ள இரண்டு மணி நேரத்தில் மூன்று வேளை சாப்பிடலாம், காபி குடிக்கலாம், பல் தேய்க்கலாம். அதற்கு மேல் நேரம் மிஞ்சினால் சேமித்து மறுநாளுக்குக் கொண்டுபோக முடியாது என்று பல் உறைக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தது.

சுந்தரேஷ் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலை பெரிய கோயிலில் அப்பா பஞ்சாட்சரத்தோடு பூஜை செய்பவன். மேல்வரிசை முன்பற்கள் அளவுக்கு மீறி இறங்கியிருந்ததால், வாயை மூடும்போதெல்லாம் அவை கீழ் ஈறில் குத்தின. ஈறு தேய்ந்து, கீழ்ப்பற்கள் இரண்டு லேசாக ஆடத் தொடங்கியிருந்தன. ஒரு வருஷத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இரண்டும் விழும் என்று பல் டாக்டர் அருணாதேவி சொல்லியிருந்தார்.

மற்றவர்களுக்குப் பல் விழுந்தால் பல் மட்டும் போகும். சுந்தரேஷுக்கு வேலையும் போகும். அர்ச்சகருக்கு அங்கத்தில் குறை இருந்தால் கர்ப்பக்கிருகத்துக்குள் போகக் கூடாது என்பது அப்பாவின் கட்சி.

"பல் கட்டிக்கலாமேப்பா."

"கட்டின பல்லோட மந்திரம் சொன்னா, சொன்னது நீயா, பல்லா?" என்றார் பஞ்சாட்சரம்.

இந்தக் கேள்வி சுந்தரேஷின் பாடத்திட்டத்தில் இல்லை. அவன் பி.எஸ்ஸி. கணிதம்.

மந்தகாச பல்வரிசை உயர்சிகிச்சை மையம் வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களைத் தாண்டி, முழுக்கக் கண்ணாடியால் ஆன கட்டடத்தில் இருந்தது. வாசலில் பெரிய பலகை. 'வாயைத் திறக்காதீர்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

இது வெறும் விளம்பரம் இல்லை, மையத்தின் கொள்கை. முதல் நாள் மட்டும் பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கம்ப்யூட்டரின் பொறுப்பு. பல் எங்கே இருக்கிறது, எங்கே போக வேண்டும், எந்த வாரம் போய்ச் சேரும் என்பதை அதுவே தீர்மானிக்கும். அதற்கேற்பக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைகள் கூரியரில் வீட்டுக்கே வரும். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று, பதினைந்து நாளைக்கு ஒரு ஜோடி. உறைக்குள் கடுகளவு ஒரு சென்சார். எத்தனை மணி நேரம் வாய்க்குள் இருந்தது என்று அது கைபேசிக்குச் சொல்லிவிடும். போட்டிருப்பது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

வரவேற்பில் இருந்த பொன்னி விவரம் கேட்டாள்.

"என்ன வேலைங்க?"

"கோயில்ல பூஜை."

"அது லிஸ்ட்ல இல்லீங்களே." அவள் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "ஐடி இருக்குது, போலீஸ் இருக்குது, பாடகர், விளையாட்டு வீரர், கர்ப்பிணி... நீங்க உள்ள என்ன பண்ணுவீங்க?"

"மந்திரம் சொல்வேன்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

"அப்ப பாடகர்னு போட்டுடறேன். போன் நம்பர்?"

கோயிலுக்குள் கைபேசி வைத்துக்கொள்ள முடியாது என்பதால், வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் கைபேசியின் நம்பரைக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நம்பருக்கு ஒரு செய்தி வந்தது. 'கலைஞரே, இன்று கச்சேரி உண்டா?'

ஸ்கேன் எடுக்கும் அறையில் அருணாதேவி தனியாக இருந்தார். பல் சீரமைப்பில் மேல்படிப்பு, ஒன்பது வருஷ அனுபவம். கேமராவின் முனையைப் பஞ்சால் நான்கு முறை துடைத்துவிட்டுத்தான் அவன் வாய்க்குள் விட்டார்.

அந்தத் துடைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. முந்தின ஆயுத பூஜைக்கு மையத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு, நாற்காலிக்கு, ஏசிக்கு, கடைசியில் கேமராவின் முனைக்கும். மறுநாள் முதல் வந்த எல்லா நோயாளிகளின் மேல்வாயிலும், ஒரே இடத்தில், சிவப்பாக ஒன்று தெரிந்தது. கம்ப்யூட்டர் அதை 'அடையாளம் காணப்படாத பல்' என்று குறித்தது. தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, இது உங்கள் வட்டாரத்தின் மரபணுச் சிறப்பாக இருக்கலாம் என்று பதில் வந்தது. மையத்தின் இயக்குநர் டாக்டர் கோதண்டராமன் 'திருவண்ணாமலையின் முப்பத்துமூன்றாம் பல்' என்று கட்டுரை எழுதி ஒரு மாநாட்டில் வாசித்துக் கைதட்டல் வாங்கினார். அருணாதேவி பஞ்சை எடுத்து முனையைத் துடைத்தார். அன்றோடு அந்தப் பல் ஊரைவிட்டுப் போய்விட்டது. அனுமதியின்றி ஒரு பல்லை நீக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது.

"டாக்டர், எனக்கு இந்த உறை சரிப்படாது. கிளிப் போட்டுடுங்களேன்" என்றான் சுந்தரேஷ்.

"ஏன், என்ன பிரச்சினை?"

அவன் சொன்னான். வாய்க்குள் போய் வந்த பொருள் எச்சில். அதைப் போட்டுக்கொண்டு கர்ப்பக்கிருகத்துக்குள் போக முடியாது. கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டும் போக முடியாது. கழற்றின கையோடு சுவாமியைத் தொட முடியாது, ஒவ்வொரு தடவையும் குளிக்க வேண்டும். காலை நாலரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் உள்ளே, மறுபடியும் மூன்றரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் உள்ளே.

"அப்ப கிளிப் மட்டும் பரவால்லையா? அதுவும் வாய்லதானே இருக்கப் போவுது?"

"அப்பாகிட்ட கேட்டுட்டேன். ஒட்டினா அது ஒடம்பு, கழட்டினா அது சாமான்னு சொல்லிட்டார்."

அருணாதேவி சிரித்தார். "எங்க காலேஜ்ல இதையே நாலு வருஷமா சொல்லிக் குடுத்தாங்க, இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. ஆனா கிளிப் இப்ப என் கையில இல்லீங்க."

உண்மையிலேயே கையில் இல்லை. வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நான்கு இடுக்கிகள், ஒரு சுருள் கம்பி, ஒரு டப்பா கிளிப். 'பண்டைய கருவிகள்' என்று எழுதி, மேலே சின்ன விளக்கும் போட்டிருந்தார்கள். இடுக்கிகள் அருணாதேவியுடையவை. போன வருஷம் வரைக்கும் அவர் அவற்றால்தான் வேலை செய்தார். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும்.

"வேற டாக்டர்கிட்ட போயிடட்டுமா?"

"இங்க ஸ்கேன் எடுத்தாச்சு. இனிமே நாங்க விடுவிப்புக் கடிதம் குடுக்காம வேற யாரும் உங்க வாயைத் தொட மாட்டாங்க. ஒத்துழைக்காத நோயாளினு பதிவானாத்தான் அந்தக் கடிதம் தருவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. உறை வந்ததும் போடாதீங்க. உங்களுக்குக் கெடைக்கிற எட்டு மணி நேரம் மட்டும் போட்டா, பல்லு போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும். ஆட்டம்தான் ஜாஸ்தியாவும். மூணு நாள் சேர்ந்தாப்ல சைபர் மணி நேரம்னு விழுந்தா சிகிச்சை தானா ரத்தாயிடும். கடிதம் வந்துடும். நானே வேலூர்ல என் சிநேகிதிகிட்ட சொல்லிக் கிளிப் போட ஏற்பாடு பண்றேன்."

"சும்மா இருந்தா போதுமா டாக்டர்?"

"போதும்."

சுந்தரேஷுக்கு இது பிடித்திருந்தது. உறை கூரியரில் வந்தது. பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்தான். அப்பாவிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னான். அம்மா பாகம்பிரியாளிடம் சொன்னால் ரத்து என்ற வார்த்தைக்கே பயந்துவிடுவாள் என்று இருவரும் சேர்ந்து மறைத்தார்கள்.

முதல் நாள் சைபர் மணி நேரம். இரண்டாம் நாள் இருபத்திரண்டு மணி, நான்கு நிமிடம்.

அவன் கைபேசியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். இருபத்திரண்டு மணி, நான்கு நிமிடம். அலமாரியில் பெட்டி மூடியே இருந்தது. மூன்றாம் நாள் இருபத்திரண்டு மணி, பத்து நிமிடம். 'அருமை, கலைஞரே!' என்று பச்சை நிறத்தில் ஒரு கட்டைவிரல் வந்தது.

பதினைந்தாம் நாள் மையத்துக்குப் போனான். வாயைத் திறக்கச் சொல்வார்கள் என்று நினைத்தான். பொன்னி திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் அவன் பற்கள் நீல நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

"பாருங்க, எவ்ளோ அழகா நகர்ந்திருக்குது."

"நெஜமா நகர்ந்திருக்கான்னு பாக்க வேணாமா?"

"மணிக் கணக்கு வந்துடுச்சில்ல? அதை வெச்சு கம்ப்யூட்டரே நகர்த்திடும்."

"என் வாயில?"

"இல்லீங்க, இங்க" என்று அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் வாய் திறப்பு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கலாம். இயக்குநர் கையெழுத்துப் போட இருபத்தொரு நாள் ஆகும். விண்ணப்பத்தில் 'வாயைத் திறக்க விரும்புவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சுந்தரேஷ் 'பல்' என்று எழுதினான். காரணம் போதுமானதாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்தது. அம்மா மௌன விரதம் எடுத்துக்கொண்டாள். ஒருவேளைதான் சாப்பாடு, அதுவும் சமையலறையில் தனியாக. கேட்டால் கையால் மலையைக் காட்டுவாள். உன் பல்லுக்காகத்தான் இருக்கும் என்றார் பஞ்சாட்சரம். பிள்ளைக்காக அம்மா பட்டினி கிடப்பதும், பிள்ளைக்குப் பதிலாக அம்மா கிரிவலம் போவதும் அவர்கள் தெருவில் புதிதல்ல என்பதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இத்தாலிக்காரி, ஒரு பௌர்ணமியன்று அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் நான்கு பேரோடு வீட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு எதிரில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். போகும்போது, இந்த அம்மாளின் மௌனத்தில் ஓர் அழுத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் பத்துப் பேராவது வந்தார்கள். பஞ்சாட்சரம் பாய் வாங்கிப் போட்டார்.

ஆறாம் மாதத்தில் சுந்தரேஷின் ஈறில் புண் வந்தது. மந்திரம் சொல்லும்போது ரத்தம் கசிந்தது. அப்பா பக்கத்தில் நின்று கவனிக்க ஆரம்பித்தார்.

அருணாதேவி அவனை மையத்துக்கு வெளியே வரச் சொன்னார். எதிரில் இருந்த இளநீர் வண்டியின் நிழலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். இளநீர்க்காரர் அரிவாளோடு எட்டிப் பார்த்தார்.

"ஐயோ" என்றார் அருணாதேவி.

"இன்னாம்மா, பூச்சியா?" என்றார் இளநீர்க்காரர்.

"பூச்சியா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன் அண்ணா." அவர் விளக்கை அணைத்தார். "ஒரு பல்லு கூட நகரல. கீழ்ப்பல்லு ரெண்டும் ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்ததை விட மோசம். இன்னும் நாலஞ்சு மாசம்தான் தாங்கும். நீங்க நெஜமாவே போடலையா?"

"சத்தியமா போடல."

"அப்ப இருபத்திரண்டு மணி நேரம் எங்கேர்ந்து வருது?"

"எனக்கு என்ன தெரியும் டாக்டர்? அப்பா அண்ணாமலையார் கணக்குங்கறார்."

இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனார்கள். கோதண்டராமனின் அறையில் பற்களின் படமே இல்லை. வரைபடங்கள்தான் இருந்தன, எல்லாம் மேல்நோக்கிப் போயின.

"சார், இவர் உறையே போடறதில்லைனு சொல்றார்" என்றார் அருணாதேவி.

கோதண்டராமன் அன்போடு சிரித்தார். "உட்காருங்க தம்பி. நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நோயாளி என்ன சொல்வான்? போட்டேன் டாக்டர், தினமும் போட்டேன்னு சொல்வான். போட்டிருக்க மாட்டான். அதுக்குத்தான் கோடிக்கணக்குல செலவு பண்ணி சென்சார் கொண்டாந்தோம். இப்ப நீங்க தலைகீழா வந்து போடலைன்னு சொல்றீங்க. நோயாளி சொல்றதை நம்புறதா இருந்தா நான் எதுக்கு சென்சார் வாங்கணும்?"

"வாயைப் பாத்தா தெரிஞ்சுடும் சார்" என்றான் சுந்தரேஷ்.

கோதண்டராமன் அருணாதேவியைப் பார்த்தார். "பாத்தீங்களா? இந்தப் பழக்கம்தான் நம்ம டாக்டருங்களை விட்டுப் போவ மாட்டேங்குது. வாயைப் பாக்கணும், வாயைப் பாக்கணும். பாத்தா என்ன ஆவும்? ஒருத்தர் பாத்து ஒண்ணு சொல்வார், இன்னொருத்தர் பாத்து இன்னொண்ணு சொல்வார். திரையில அந்தக் குழப்பமே இல்ல."

"ரத்தம் வருது சார்."

"சிகிச்சை வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"சிகிச்சையே நடக்கல சார்."

"அப்ப ரத்தம் வர நியாயமே இல்லையே" என்று அவர் முடித்துவிட்டார்.

கடைசியில் அருணாதேவி விதிப் புத்தகத்தைத் துருவி ஒரு பிரிவைக் கண்டுபிடித்தார். சென்சார் கணக்கை மறுக்க நோயாளிக்கு உரிமை இல்லை. மருத்துவருக்கும் இல்லை. ஆனால், உறை அத்தனை நாளும் எங்கே இருந்தது என்பதை நேரில் அறிந்த மூன்றாம் நபர் ஒருவர், சிகிச்சை முடியும் முன், சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகச் சொன்னால், கணக்கு செல்லாது. விடுவிப்புக் கடிதம் அன்றே தரப்படும்.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான் சுந்தரேஷ்.

"அலமாரிக்குத்தான்" என்றார் அருணாதேவி.

வீட்டில் கேட்டுப் பார்த்தான். பஞ்சாட்சரம் தெரியாது என்றார். அம்மா கையால் மலையைக் காட்டினாள்.

முந்நூறாவது நாள் சிகிச்சை நிறைவு விழா வைத்தார்கள். மையத்தின் வரலாற்றிலேயே ஒரு நாள்கூட இருபத்திரண்டு மணி நேரத்துக்குக் கீழே போகாத முதல் நோயாளி சுந்தரேஷ்தான். முதல் நாள் சைபரைக் கம்ப்யூட்டர் தன் பிழை என்று ஒத்துக்கொண்டு திருத்திவிட்டது. விழா முடிந்ததும் கோப்பு மூடப்படும். மூடிய கோப்பை இரண்டு வருஷத்துக்குத் திறக்க முடியாது. கீழ்ப்பற்களுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

கல்யாண மண்டபம் ஒன்றில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து பல் மருத்துவர்கள் வந்திருந்தார்கள். மேடையின் பின்னால் சினிமாத் திரை அளவுக்குச் சுந்தரேஷின் நீலப் பற்கள் ஒழுங்காக நின்றன. முன்வரிசையில் பஞ்சாட்சரமும், பட்டுப்புடவையில் பாகம்பிரியாளும். பின்னால் இத்தாலிக்காரியும் அவளுடைய கூட்டமும்.

கோதண்டராமன் பேசினார்.

"நான் பெருமையோட சொல்றேன். பதினெட்டு மாசமா எங்க மையத்துல ஒரு டாக்டர்கூட ஒரு வாயைக்கூடத் திறந்து பாக்கல."

கைதட்டல்.

"பல் மருத்துவத்தோட முன்னேற்றத்துக்கு இத்தனை காலமா குறுக்க நின்னது எது தெரியுமா? வாய்! அது திறக்கும், மூடும், எச்சில் ஊறும், கேள்வி கேக்கும். அதைத் தாண்டித்தான் பல்லுகிட்ட போவணும். நாங்க அந்தத் தடையை எடுத்துட்டோம். முன்னயெல்லாம் வலிக்குதானு நோயாளியைக் கேப்போம். வலிக்குதும்பான். இப்ப கேக்கறதே இல்ல. வலின்னு ஒரு புகார்கூட எங்ககிட்ட பதிவாகல. அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம்."

பெரிய கைதட்டல். சுந்தரேஷை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். சிரித்தபடி படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். வாயை மூடியபடி சிரித்தால் போதும் என்றார் போட்டோக்காரர்.

சுந்தரேஷ் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"நான் இந்த உறையை ஒரு நாள்கூடப் போடல. எல்லாரும் என் வாயைப் பாருங்கோ." அவன் வாயைத் திறந்து காட்டினான்.

முன்வரிசை மருத்துவர்கள் நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். யாரிடமும் அனுமதிச் சீட்டு இல்லை.

கோதண்டராமன் ஒலிபெருக்கியை மெல்ல வாங்கிக்கொண்டார். "தன்னடக்கம்! கோயில் மனுஷங்க இல்லையா? எல்லாம் அவன் செயல், நான் ஒண்ணும் பண்ணலைங்கறார்."

கைதட்டல் எழுந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"சார், பிரிவு பதினேழு" என்று கீழே இருந்து அருணாதேவி கத்தினார். "மூணாவது ஆள் சொன்னா கேக்கணும்னு இருக்குது!"

"தாராளமா கேப்போமே. யார் அந்த மூணாவது ஆள்? உறை எங்க இருந்துச்சுனு பாத்தவங்க யாராச்சும் இங்க இருந்தா வாங்க." அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாருமில்ல. அப்ப கோப்பை மூடிடலாமா?"

பொன்னி மடிக்கணினியில் விரலை வைத்தாள். மேடையில் சுந்தரேஷ் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தான். கைக்குட்டை சிவந்தது.

முன்வரிசையில் பாகம்பிரியாள் எழுந்தாள்.

"ஆஹா, தாயாரே வர்றாங்க" என்றார் கோதண்டராமன். "பத்து மாசமா மௌனத்துல இருக்காங்களாம். பேச மாட்டாங்க. ஆசீர்வாதம் மட்டும் பண்ணுவாங்க."

இத்தாலிக்காரியின் கூட்டம் கைகூப்பி எழுந்து நின்றது. பாகம்பிரியாள் படியேறி மேடைக்கு வந்தாள். மகனின் கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக எதையோ கழற்றிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். திரும்பி ஒலிபெருக்கிக்கு அருகில் வந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். அவள் பற்கள், திரையில் இருந்ததைப் போலவே, ஒரே வரிசையில் நின்றன.

"போடாட்டா நிறுத்திடுவோம்னு மொதல் நாளே போன்ல வந்துது. கொழந்தைக்கு முடியலேன்னா அம்மா செய்யலாம்னுதானே இருக்கு," என்றாள். "அவன் போட்டுக்கலை. ரெண்டாம் நாள்லேர்ந்து நான்தான் போட்டுண்டிருக்கேன்."